கால்பேக் வைத்த ரெஜெக்ஸ் மாற்றம்: டெஸ்டை எங்கே எழுதுவது?

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறவர்களிடம் ஒரு வேலை எப்படியும் வந்து சேரும். வாடிக்கையாளர் பட்டியல் மலையாளத்தில் இருக்கும். பில் தமிழில் வேண்டும். பஞ்சாயத்துச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அக்ஷயா மின்சேவை மையத்தில் எடுத்த பிரிண்ட் எல்லாம் மலையாளம். சாமான் வாங்க வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசி, தமிழ் வாசிப்பவர்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் எழுத்து மாற்றித் தர வேண்டும். மொழிபெயர்ப்பு இல்லை, எழுத்து மாற்றம் மட்டும்தான்.

இதற்கு எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ரெஜெக்ஸ்: பேட்டர்ன் என்ற தேடல் வடிவத்தை எழுதிக் கொடுத்தால், அதற்குப் பொருந்துவதை வரியில் பிடித்துத் தரும் வசதி. மலையாள எழுத்து எது வந்தாலும் பிடி, பிடித்ததை ஒரு கால்பேக் ஃபங்க்ஷனிடம் கொடு, அது தரும் தமிழ் எழுத்தை அந்த இடத்தில் வை. பைத்தானில் சப், ஜாவாஸ்கிரிப்டில் ரீப்ளேஸ், பிஎச்பியில் ப்ரெக் ரீப்ளேஸ் கால்பேக். எழுதுவது சுலபம். டெஸ்ட் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முழு வரியைக் கொடுத்து முழு வரியை வாங்கிப் பார் என்பார் ஒருவர். கால்பேக்கைத் தனியே பிரித்து அதை மட்டும் சோதி என்பார் இன்னொருவர். மாக் என்ற போலியை ஸ்பையாக வைத்து எத்தனை தடவை கூப்பிடப்பட்டது என்று எண்ணு, ஸ்னாப்ஷாட் எடுத்து வை, ஹைப்பாதெசிஸ் மாதிரி ஒரு கருவியிடம் விட்டுவிடு என்று மேலும் மூன்று வழிகள் உண்டு. என் ஓட்டு முழு வரி டெஸ்டுக்கு. மற்ற நான்கில் இரண்டுக்கு நல்ல இடம் உண்டு, ஒன்றுக்குக் கொஞ்சம், இன்னொன்று பெரும்பாலும் வீண்வேலை. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த வேலையில் பிழைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

384ஐக் கழித்தால் போதுமா?

எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இந்திய மொழிகளுக்கு ஒதுக்கிய கட்டங்கள் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தின் வரிசையை ஒட்டி அமைந்தவை. தமிழ் அ 2949ஆம் எண்ணில் இருக்கிறது. மலையாள அ 3333இல். வித்தியாசம் 384. ஆவுக்கும் அதே 384, கவுக்கும் டவுக்கும் அதே 384. ஆகவே கால்பேக் ஒரே வரியில் முடிந்துவிடும் போலத் தெரியும்: எழுத்தின் எண்ணை எடு, 384ஐக் கழி, திரும்ப எழுத்தாக்கு.

இது கொஞ்ச தூரம் வரும், அப்புறம் காலை வாரும். மலையாளத்தில் க வரிசையில் நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றுதான். மற்ற மூன்றிலிருந்தும் 384ஐக் கழித்தால் தமிழ்க் கட்டத்தில் எந்த எழுத்தும் இல்லாத எண் கிடைக்கும். திரையில் வெறும் பெட்டி. சொல்லின் கடைசியில் வரும் ண், ன், ர், ல், ள் போன்றவற்றுக்கு மலையாளத்தில் சில்லு என்று தனி வடிவங்கள் உண்டு. 2008இல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனி எண்கள் கொடுத்தது. அவற்றிலும் பெரும்பாலானவை பெட்டியாகத்தான் வரும். கோபால் என்பவர் பெட்டியில் தொடங்கிப் பெட்டியில் முடிவார்.

பெட்டி வந்தால் கண்ணில் படும், பரவாயில்லை. சில்லு ண் அப்படி இல்லை. அதன் எண் 3450. அதிலிருந்து 384 போனால் 3066. தமிழ்க் கட்டத்தில் அந்த இடத்தில் இருப்பது ௺ என்ற பழைய இலக்கக் குறி. ஆக, அருண் 'அரு௺' ஆகிவிடுவார். ஏதோ ஒரு தமிழ் எழுத்து மாதிரியே இருப்பதால் அவசரத்தில் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். கால் என்ற பின்னத்துக்கான மலையாளக் குறி இதே கழித்தலில் நாளைக் குறிக்கும் ௳ ஆகும், தேதிக் குறி ரூபாய்க் குறியான ௹ ஆகும். இந்த இரண்டும் இன்றைய பட்டியல்களில் தலைகாட்டுவது அபூர்வம். அருண்கள் அப்படி அல்ல, தெருவுக்கு நாலு பேர்.

எழுத்துக்கு எழுத்து என்ற அட்டவணையோடு வேலை முடிந்தால் ரெஜெக்ஸே வேண்டாம். பைத்தானில் டிரான்ஸ்லேட் என்ற மெத்தட் ஒரு டிக்ஷனரியை வாங்கிக்கொண்டு இதைச் செய்துவிடும். ஓர் எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து வைக்கவும் அதற்குத் தெரியும். கால்பேக் இல்லாவிட்டால் கால்பேக்குக்கு டெஸ்ட்டும் இல்லை. எனவே முதல் முடிவு இதுதான்: அக்கம்பக்கம் பார்க்கத் தேவையில்லாத மாற்றங்களை எல்லாம் டிரான்ஸ்லேட்டுக்குத் தள்ளிவிடுங்கள். யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு என்ற நிரல் நூலகத்திலும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு எழுத்து மாற்றும் வசதி ஏற்கெனவே உண்டு. ஆனால் நம் ஊர்ப்பெயரை நாம் எப்படி எழுதுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

அக்கம்பக்கம் பார்த்தே ஆக வேண்டிய இடங்கள்தான் கால்பேக்குக்கு மிஞ்சும். ந அப்படிப்பட்ட ஒன்று. மலையாளத்தில் நம் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் ந, த வரிசைக்கு முன்னால் புள்ளியோடு வந்தால் ந், மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. நந்தன் என்ற ஒரே பெயரில் மூன்றும் வருகின்றன: முதல் ந, தவுக்கு முன் ந், கடைசியில் சில்லு ன். டெஸ்டுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. ஜானகியையும் சேர்த்துக்கொண்டால் நடுவில் வரும் னவும் ஆயிற்று.

சொல்லின் கடைசி இன்னொன்று. பாலக்காடு என்பதை மலையாளத்தில் புள்ளியோடு முடிப்பார்கள். அப்படியே மாற்றினால் 'பாலக்காட்' வரும், வீடு 'வீட்' ஆகும். கடைசி ட் என்றால் டு ஆக்கு என்று ஒரு விதி வேண்டும். மார்க்கெட்டைச் சீர்படுத்த விதியால் முடியாது, அது 'மார்க்கற்ற்' என்று வந்து நிற்கும். கொழிஞ்சாம்பாறை 'கொழிஞ்ஞாம்பாற' ஆகும். இவற்றுக்கு ஊர்ப்பெயர், கடைச்சொல் அகராதி ஒன்றைத்தான் கால்பேக் கையில் கொடுக்க வேண்டும்.

முழு வரி டெஸ்ட்

மலையாள வரி உள்ளே, தமிழ் வரி வெளியே, இரண்டும் சேர்ந்த அட்டவணை ஒன்று. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் என்று போட்டால் ஒவ்வொரு ஜோடியும் தனி டெஸ்ட்டாக ஓடும். உள்ளே ரெஜெக்ஸ் எப்படி இருக்கிறது, கால்பேக் எத்தனை என்பது டெஸ்டுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பின்னால் முழுவதையும் கலைத்து வேறு மாதிரி எழுதினாலும் அட்டவணை அப்படியே நிற்கும்.

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், கால்பேக் வைத்த மாற்றத்தில் பிழை பெரும்பாலும் கால்பேக்கிலும் இருக்காது, பேட்டர்னிலும் இருக்காது. இரண்டும் சேரும் மூட்டில் இருக்கும். கடைசி ட் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் எல்லை என்றதும் கை தானாகப் பின்சாய்கோட்டுக்குப் பின் ஆங்கில பி எழுத்தைப் போட்டுவிடும். பைத்தானின் ரெஜெக்ஸுக்கு உயிர்க்குறிகளும் புள்ளியும் சொல்லைச் சேர்ந்தவை அல்ல. எழுத்து, இலக்கம், அடிக்கோடு இவைதான் சொல். 'தமிழ்' என்ற சொல்லில் சொல்லெழுத்துகளைத் தேடச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு தரும். மலையாளத்திலும் அதே கதை. விளைவு தலைகீழ்: பாலக்காட்டின் கடைசியில் புள்ளிக்கும் இடைவெளிக்கும் நடுவே எல்லை இல்லை என்று விட்டுவிடும், பட்டணத்தின் நடுவில் புள்ளிக்கும் அடுத்த டவுக்கும் நடுவே எல்லை இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளும். பாலக்காட் அப்படியே நிற்க, பட்டணம் 'படுடணம்' ஆகும். கால்பேக்கைத் தனியே சோதித்தால் அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ட் கொடுத்தார்கள், டு கொடுத்தேன் என்று கையைத் தட்டிவிட்டு நிற்கும். முழு வரி டெஸ்டில் இரண்டே வரியில் மாட்டிக்கொள்ளும். திருத்தமும் சின்னதுதான்: எல்லைக் குறியை எடுத்துவிட்டு, அடுத்து மலையாளக் கட்டத்து எழுத்து வரக்கூடாது என்று முன்பார்வை போடுவது.

ஜாவாஸ்கிரிப்டில் சொல்லெழுத்து என்றால் ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும். அங்கே இதே பேட்டர்ன் பாலக்காட்டையும் பிடிக்காது, பட்டணத்தையும் பிடிக்காது. பிழை இல்லை, பலனும் இல்லை.

ஊர் அகராதியிலும் இப்படி ஒரு மூட்டு உண்டு. ஊர்ப்பெயர்களை நடுநடுவே 'அல்லது' என்று பொருள்படும் செங்குத்துக் கோடு போட்டு வரிசையாக அடுக்கும்போது சித்தூர் முன்னாலும் சித்தூர் தத்தமங்கலம் பின்னாலும் இருந்தால், நீளமானது ஒருநாளும் பிடிபடாது. முதலில் பொருந்தியதோடு தேடல் நின்றுவிடும். நீளமானதை முன்னால் வைக்க வேண்டும். அகராதியும் சரி, கால்பேக்கும் சரி, அடுக்கிய வரிசைதான் தப்பு.

முழு வரி டெஸ்டுக்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு. மெதுவாக ஓடும் என்பது ஒன்று. ஒரு பெயரை மாற்ற மைக்ரோ நொடிகள்தான் ஆகும், இந்த வாதத்தை விட்டுவிடலாம். இரண்டாவது வாதத்தில் சாரம் இருக்கிறது: டெஸ்ட் விழுந்தால் எந்த விதி விழுந்தது என்று தெரியாது. அதற்கு மருந்து, ஒவ்வொரு விதிக்கும் அது மட்டுமே வேலை செய்யும் மிகச் சிறிய சொல் ஒன்றை அட்டவணையில் வைப்பது. முகவரி முழுவதையும் ஒரே டெஸ்டில் திணித்தால் குற்றம் டெஸ்ட் எழுதியவருடையது.

அட்டவணையில் மறக்காமல் இருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரியிலாவது மூன்றுக்கு மேற்பட்ட பொருத்தங்கள் இருக்கட்டும். பைத்தானில் சப் ஃபங்க்ஷனின் நான்காவது இடம் தேடும் விதத்தை மாற்றும் கொடிகளுக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. அங்கே மறதியாக ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காதே என்ற கொடியைப் போட்டால் அதன் மதிப்பு 2. முதல் இரண்டு பொருத்தங்கள் மாறும், மூன்றாவதில் கை நின்றுவிடும். இரண்டே பொருத்தம் உள்ள டெஸ்ட் வரி இதைக் காட்டாது. பைத்தான் 3.13இலிருந்து இந்த இரண்டையும் பெயர் சொல்லாமல் இடத்தை வைத்துக் கொடுப்பது கைவிடப்பட வேண்டிய பழக்கமாக எச்சரிக்கை பெறுகிறது. பழைய கோடில் இன்னும் எத்தனையோ இருக்கும்.

சில்லு எழுத்துகளை இரண்டு விதமாகவும் எழுதிச் சேருங்கள். 2008க்கு முன்னால் தனி எண் இல்லாததால் மெய், புள்ளி, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். பழைய கோப்புகளில் அப்படியே கிடக்கும். ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு நார்மலைஸ் செய்தாலும் இந்த இரண்டும் ஒன்றாகாது. இணைப்பானின் எண் 8205, மலையாளக் கட்டத்துக்கு வெளியே. பேட்டர்ன் அதைப் பிடிக்காவிட்டால் தமிழ்ப் பெயருக்குள் அது குடியேறிவிடும். திரையில் பெயர் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. பைடெஸ்ட் இரண்டு ஸ்ட்ரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்போது இணைப்பானை எண்ணாகவே அச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

போகிற போக்கில் ஒன்று: பைடெஸ்டில் தமிழ் ஸ்ட்ரிங்கைப் பாராமீட்டராகக் கொடுத்தால் டெஸ்டின் பெயரில் தமிழுக்குப் பதில் எண்குவியலாக வரும். அதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறது. ஐடியை எஸ்கேப் செய்வதை நிறுத்து, சமூக உதவி கேட்கும் எல்லா உரிமையையும் இழக்கிறேன் என்று அந்த செட்டிங்கின் பெயரே நீட்டி முழக்குகிறது. நான் கவலைப்படாமல் போட்டுவிட்டேன்.

கால்பேக்கைத் தனியே சோதிப்பது

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு இது பிடிக்கும். அங்கே கால்பேக் சாதாரண ஆர்கியூமெண்ட்களை வாங்குவதால் நேரே கூப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்திய பகுதி, அப்புறம் பேட்டர்னில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு குரூப்பும், அப்புறம் இடம், கடைசியில் முழு ஸ்ட்ரிங். 2018க்குப் பின் பெயரிட்ட குரூப் இருந்தால் அதற்கும் ஓர் ஆப்ஜெக்ட். இந்த வசதியில்தான் பொறி இருக்கிறது. பேட்டர்னில் யாரோ ஒரு அடைப்புக்குறி கூட்டினால் இடம் என்பது ஓர் இடம் தள்ளிப் போகும். டெஸ்டில் நாமே கையால் ஆர்கியூமெண்ட் கொடுத்திருப்பதால் அங்கே எல்லாம் தேறியதாகப் பச்சையாகவே இருக்கும். கதவையும் நிலையையும் தனித்தனியே அளந்து இரண்டும் சரி என்று சொன்ன கதைதான்.

பைத்தானில் கால்பேக்குக்குக் கிடைப்பது பொருத்தத்தின் விவரங்கள் அடங்கிய மேட்ச் ஆப்ஜெக்ட். அதை நாமாக உருவாக்க முடியாது, மொழியே மறுத்துவிடும். அதனால் மாக் ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு வேஷம் கட்டிக் கொடுப்பார்கள்: குரூப் என்று கேட்டால் இதைச் சொல், ஸ்டார்ட் என்று கேட்டால் 3 என்று சொல். இதை நான் எதிர்க்கிறேன். கோடில் குரூப் என்ற அழைப்பை எடுத்துவிட்டு, 3.6இல் வந்த சதுர அடைப்பு முறைக்கு மாறினால் நடத்தையில் மாற்றம் ஒன்றும் இல்லை, டெஸ்ட் மட்டும் விழும். விழ வேண்டிய இடத்தில் விழாததுதான் அதைவிடப் பெரிய சங்கடம்.

ந விதியில் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. முந்தைய எழுத்து மலையாள எழுத்தா என்று பார்க்க, ஸ்டார்ட்டிலிருந்து 1ஐக் கழித்து முழு ஸ்ட்ரிங்கில் அந்த இடத்தைப் பார்ப்போம். ந வரியின் முதலிலேயே இருந்தால் ஸ்டார்ட் 0, கழித்தால் மைனஸ் 1. பைத்தானில் மைனஸ் 1 என்றால் கடைசி எழுத்து. பிழை என்று ஒரு சத்தமும் வராது. நந்தன் என்ற பெயரில் கடைசி எழுத்து சில்லு ன், மலையாள எழுத்துதான். ஆக முதல் ந சொல்லின் நடுவில் இருக்கிறது என்று முடிவாகி, வெளியே வருவது 'னந்தன்'. இதே பெயரை 'திரு நந்தன்' என்று கொடுத்தால் சரியாக வரும். வரி முற்றுப்புள்ளியில் முடிந்தால் தற்செயலாகச் சரியாக வரும். ஸ்டார்ட் 3 என்று வேஷம் கட்டிய மாக்கோ எந்தக் காலத்திலும் சரியாகவே சொல்லும்.

இன்னொரு ஏமாற்று: கால்பேக் பார்ப்பது எப்போதும் மாறாத மூல ஸ்ட்ரிங்கை. முன்னால் உள்ள எழுத்துகள் ஏற்கெனவே தமிழாகிவிட்டன என்று நினைத்துத் தமிழ்ப் புள்ளியைத் தேடினால் கிடைக்காது. அங்கே இன்னும் மலையாளப் புள்ளிதான் இருக்கும். மாக்குக்குக் கொடுத்த ஸ்ட்ரிங்கைத் தமிழில் எழுதியிருந்தால் இந்தப் பிழையை டெஸ்டே கட்டிக்காக்கும்.

சரி, தனியே பிரிப்பதே தப்பா? இல்லை. கால்பேக்கை அல்ல, அதற்குள் இருக்கும் முடிவைப் பிரிக்க வேண்டும். கால்பேக் மேட்ச்சிலிருந்து எழுத்து, முன்னெழுத்து, பின்னெழுத்து மூன்றையும் எடுத்து, ஒரு சாதாரண ஃபங்க்ஷனிடம் கொடுக்கட்டும். அந்த ஃபங்க்ஷனுக்கு ரெஜெக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்று ஸ்ட்ரிங் வாங்கி ஒன்று தரும். அதை எப்படி வேண்டுமானாலும் சோதிக்கலாம், வேஷம் தேவையில்லை. மிஞ்சும் இரண்டு வரிக் கால்பேக்கை முழு வரி டெஸ்ட் பார்த்துக்கொள்ளும். பிஎச்பியில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். அங்கே இடம் வேண்டும் என்றால் 7.4இலிருந்து இந்த ஃபங்க்ஷன் ஏற்கும் கொடியைப் போட வேண்டும், போட்டாலும் கிடைப்பது பைட் கணக்கு. மலையாள எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், எனவே இடம் 9 என்றால் நான்காவது எழுத்து. இந்தக் கணக்கு கால்பேக்கோடு முடிந்துவிட வேண்டும், உள்ளே போகக்கூடாது.

எதையும் திருப்பித் தராத கால்பேக்

அகராதியில் இல்லாத ஊர் வந்தால் கால்பேக் என்ன தரும்? எழுதியவர் அந்தக் கிளையில் ரிட்டர்ன் மறந்திருந்தால் மூன்று மொழிகளும் மூன்று விதமாக நடக்கும். பைத்தானில் நன் என்ற வெறும் மதிப்பு வந்தால் அந்த ஊர் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்டில் அன்டிஃபைன்ட் என்ற சொல்லே முகவரியில் அச்சாகும். பிஎச்பி பைத்தான் மாதிரியே வெறுமையாக்கிவிடும். இந்த விஷயத்தில் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நல்லது என்பேன். அசிங்கமாக இருந்தாலும் கண்ணில் படுகிறது. எந்த மொழியானாலும் அகராதியில் இல்லாத ஊர் ஒன்று டெஸ்ட் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும்.

அகராதியை டேட்டாபேஸிலிருந்து எடுக்கலாமே என்று கால்பேக்கை அசிங்க், அதாவது விடையைப் பிறகு தரும் வகை ஆக்கினால் ஜாவாஸ்கிரிப்டில் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆப்ஜெக்ட் ப்ராமிஸ் என்று சதுர அடைப்புக்குள் வந்து உட்காரும். ரீப்ளேஸ் யாருக்காகவும் காத்திருக்காது. பைத்தான் இங்கே டைப் எரர் கொடுத்து நிறுத்திவிடும்.

பிஎச்பியில் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும்: யூனிகோடு கொடியோடு ஓடும்போது வரியில் ஒரு பைட் கெட்டிருந்தாலும் முழு விடையும் நல் என்ற வெறும் மதிப்பு ஆகிவிடும். ஒரு எழுத்து கெட்டதற்கு முகவரி மொத்தமும் போகும். கெட்ட பைட் உள்ள வரி ஒன்றும் அட்டவணையில் இருக்கட்டும்.

ஸ்பை, ஸ்னாப்ஷாட், ஹைப்பாதெசிஸ்

கால்பேக் எத்தனை முறை கூப்பிடப்பட்டது என்று எண்ணும் ஸ்பைக்குப் பைத்தானில் வேலையே இல்லை. சப்என் என்ற ஃபங்க்ஷன் மாற்றிய ஸ்ட்ரிங்கோடு எத்தனை மாற்றம் நடந்தது என்பதையும் தருகிறது. அந்த எண் டெஸ்டைவிட உற்பத்தியில்தான் அதிகம் உதவும். பழைய டிடிபி மையக் கோப்புகள் யூனிகோடே இல்லாமல், ஆங்கில எழுத்துகளுக்கு மலையாள உருவம் கொடுத்த ஃபாண்ட்களில் இருக்கும். திரையில் மலையாளம், உள்ளே ஆங்கிலம். பேட்டர்ன் ஒன்றையும் பிடிக்காது, மாற்றம் 0 என்று வரும். அதைப் பார்த்தவுடன் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் சப்என் இல்லாததால் ஸ்பைக்குக் கொஞ்சம் இடம் உண்டு, அவ்வளவுதான்.

ஸ்னாப்ஷாட் பார்க்க மிகச் சுலபம். நூறு பெயரைக் கொடு, வந்த விடையைக் கோப்பில் வை, அடுத்த முறை மாறினால் சொல். வேலையே அவ்வளவுதான் என்பதால் ஆபத்தும் அங்கேதான். முதல் தடவை 'அரு௺' என்று வந்திருந்தால் அதுதான் இனி சரியான விடை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், "ஏனுங்கண்ணா, எல்லாம் பச்சையாத்தான் வருது, போட்டுரலாமுங்களா?" என்று கேட்டால், "பச்சை இருக்கட்டும் தம்பி, அந்தக் கோப்பை ஒருக்கா வாய்விட்டு வாசி" என்றுதான் நான் சொல்வேன். வாய்விட்டு வாசிக்கும்போது னந்தனும் மார்க்கற்றும் தாமாக நாக்கில் இடறும். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய. இந்த ஸ்னாப்ஷாட்டைச் சரிபார்க்க அவர்களைவிடத் தகுந்த ஆள் சென்னையிலும் கிடைக்காது, கொச்சியிலும் கிடைக்காது. அப்படி ஒருவர் வாசித்துக் கையெழுத்துப் போடாத ஸ்னாப்ஷாட்டை டெஸ்ட் என்று நான் எண்ணுவதில்லை. கடைக்காரர் கொடுத்த உண்மையான பட்டியலை அப்படியே கோடைச் சேமிக்கும் ரெப்போவில் போடுவதும் வேண்டாம். பெயர்களைக் கலைத்து, வீட்டு எண்ணையும் போனையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

ஹைப்பாதெசிஸ் வேறு ரகம். விடை இன்னதென்று சொல்ல வேண்டாம். எந்த விடைக்கும் பொருந்த வேண்டிய குணத்தைச் சொன்னால் போதும், உள்ளீடுகளை அதுவே தயாரிக்கும். இந்த வேலைக்கு நல்ல குணங்கள் நாலு கிடைக்கின்றன. வெளியே வந்த வரியில் 3328 முதல் 3455 வரை எண்ணுள்ள எழுத்து ஒன்றும் இருக்கக்கூடாது. மலையாளமே இல்லாத வரி துளியும் மாறக்கூடாது. இரண்டாவது முறை ஓட்டினால் எதுவும் மாறக்கூடாது. வெளியே வந்ததில் யூனிகோடு யாருக்கும் ஒதுக்காத எண் இருக்கக்கூடாது. கடைசிக் குணம் பெட்டிகளை எல்லாம் பிடித்துத் தரும். அதுவும் தோற்ற உள்ளீட்டைச் சுருக்கிச் சுருக்கி ஒரே எழுத்தாகக் கொண்டுவந்து கொடுக்கும், தேடி அலைய வேண்டாம்.

ஆனால் அருணை இது பிடிக்காது. ௺ முறையாக ஒதுக்கப்பட்ட தமிழ்க் குறி. நான்கு குணங்களுக்கும் அது கட்டுப்பட்டே நடக்கிறது. னந்தனும் அப்படியே. விடை தமிழ்தானா என்று ஹைப்பாதெசிஸ் சொல்லும், சரியான தமிழா என்பது அதற்குத் தெரியாது. அதனால் அட்டவணைக்குப் பக்கத்தில் இதை வைக்கலாம், அட்டவணைக்குப் பதிலாக வைக்க முடியாது.

எதை எடுப்பது

ஒரு கடைக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டு மறக்கும் வேலை என்றால் ஸ்னாப்ஷாட்டும் வாசிக்க ஓர் ஆளும் போதும். மற்றதெல்லாம் அதிகப்படி. பல கடைகளுக்குப் போகிற, வருஷக்கணக்கில் ஓடப்போகிற மென்பொருள் என்றால் முழு வரி அட்டவணையில் தொடங்குங்கள். ந மாதிரி அக்கம்பக்கம் பார்க்கும் விதிகளின் முடிவை மட்டும் தனி ஃபங்க்ஷனாகப் பிரித்து அதற்கும் எழுதுங்கள். ஹைப்பாதெசிஸின் நாலு குணங்களையும் சேருங்கள். யாராவது புகார் சொன்ன பெயர் ஒவ்வொன்றும் அன்றே அட்டவணையில் ஒரு வரியாக ஏறட்டும். மாக் மேட்ச்சை எங்கே பார்த்தாலும் எடுத்துவிட்டு உண்மையான தேடலால் கிடைத்த மேட்ச்சை வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் கால்பேக்கை நேரே கூப்பிடும் ஆசையை அடக்கிக்கொண்டால் இதே கூட்டு அங்கேயும் பொருந்தும்.

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கழிக்க வேண்டிய எண் 128. தெலுங்குக் கட்டம் தமிழுக்கு அடுத்த கட்டம். சில்லுத் தொல்லை அங்கே இல்லை, பதிலுக்கு ஒற்றைச் சுழி இருக்கிறது. கவுக்கு முன்னால் வந்தால் அது ங், சவுக்கு முன்னால் ஞ், டவுக்கு முன்னால் ண், தவுக்கு முன்னால் ந், பவுக்கு முன்னால் ம். புங்கனூரை எழுதும் சுழிக்கு அடுத்த எழுத்தைப் பார்க்காமல் ங் கிடைக்காது. சொல்லின் கடைசியும் எதிர்த்திசையில் போகிறது: மலையாளத்தில் உகரத்தைக் கூட்டினோம், தெலுங்கில் குறைக்க வேண்டும். சித்தூரு சித்தூர் ஆக வேண்டும், புத்தூரு புத்தூர் ஆக வேண்டும். கடைசி ரு என்றால் ர் என்று பொத்தாம்பொதுவாக விதி போட்டால் குரு என்ற பெயருள்ளவர் 'குர்' ஆகிவிடுவார். அவருக்கும் அட்டவணையில் ஒரு வரி கொடுத்துவிடுங்கள். ஹைப்பாதெசிஸ் குணங்களில் கட்டத்தின் எண்களை 3072, 3199 என்று மாற்றினால் போதும், நாலும் அப்படியே ஓடும். முழு வரி அட்டவணையைத்தான் முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்குத் தெலுங்கும் தமிழும் சரளமாக வாசிக்கிற ஒருவரை ஒரு மதியம் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.